எழுநூறு கிலோ அடுப்புக்கு நாலு சக்கரம்

1. மண்டியிட்ட வண்டி

முப்பத்தொரு வருடமாக ட்ராலி செய்கிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பம்பரையும் சீட்டையும் கியர்பாக்ஸையும் சுமந்துகொண்டு ஸ்டோருக்கும் லைனுக்கும் நடுவே உருளுகிற வண்டிகளைத்தான் ட்ராலி என்கிறோம். எத்தனை செய்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணெதிரே மண்டியிட்டது. அப்போது என் வலது கை அதன் அடியில் இருந்தது.

இதை எழுதுவதும் அந்தக் கைதான். அது எப்படித் தப்பியது என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பெயர் வரதன். சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். வாலாஜாபாத் சாலையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஃபோர்மேன். ஷெட்டின் ஓனர் குமரவேல். கம்பெனிகளில் ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. டிராயிங்கைப் பார்த்து இரும்பை வெட்டி ஒட்டுவது என் வேலை. எங்களுக்கு வருகிற டிராயிங்கில் எல்லாமே எழுதியிருக்கும். நீளம், அகலம், லோடு, சக்கரத்தின் சைஸ், பெயின்ட்டின் நிறம் வரை. யோசிக்க வேண்டிய இடம் அதிகம் இருக்காது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிராயிங் இல்லாமல் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கம்பெனி யூனிஃபார்ம், கால்களில் சேஃப்டி ஷூ. முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல ஒரு அடுப்பு கெடக்கு. அதுக்குச் சக்கரம் வச்ச ஸ்டாண்டு ஒண்ணு செய்யணும்."

"அடுப்புக்கு இன்னாத்துக்கும்மா எங்களாண்ட வந்தீங்க? பாத்திரக் கடையிலயே வண்டியோட விக்கிறானே."

"கறிக்குப் பொகை போடுத அடுப்பு அண்ணாச்சி. எழுநூறு கிலோ இருக்கு."

எழுபது என்றுதான் என் காதில் விழுந்தது. திரும்பக் கேட்டேன்.

"எழுநூறு. லாரிய எடை போடுத வேபிரிட்ஜுல ஏத்திப் பாத்தாச்சி."

அவர் பெயர் ஞானசெல்வி. சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப் மெயின்டனன்ஸில் வேலை. பெயின்ட் அடித்த பம்பர்கள் காய்கிற பெரிய ஓவனைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கணவர் அருள்ராஜ் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

போனில் படம் காட்டினார். ஸ்கிராப் யார்டில் கிடந்த பழைய கம்ப்ரசர் டேங்க் ஒன்றைப் படுக்கவைத்து, மேல் பக்கம் கதவு வெட்டி, ஒரு முனையில் கட்டை எரிக்கத் தடித்த தகட்டில் சதுரமான பெட்டி (அதற்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்), மறுமுனையில் புகைக்குழாய். எல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்தது.

"தீயில வாட்டுததில்ல அண்ணாச்சி. தீ ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். அனலும் பொகையும் மட்டுந்தான் கறிக்குப் போவும். மெதுவா வேவும். எங்க ஓவன்ல பம்பர் வேவுதுல்லா, அதே மாதிரிதான்."

நான் கறி சாப்பிடாத வீட்டில் பிறந்தவன். பம்பர் வேகிற கதை எனக்குப் புரிந்தது, கறி வேகிற கதை புரியவில்லை. என் தலை கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. எழுநூறு கிலோ, நாலு சக்கரம், ஆளுக்கு நூற்று எழுபத்தைந்து. முந்நூறு கிலோ தாங்குகிற பி.யு. சக்கரம் ஷெட்டிலேயே இருந்தது. இரும்பு வட்டத்தின் மேல் ரப்பர் போன்ற தடித்த பூச்சு ஏற்றிய சக்கரம் அது. கம்பெனித் தரையில் கீறல் விழாது, சத்தம் வராது. எல்லா ட்ராலிக்கும் அதைத்தான் போடுகிறோம்.

"ஒருக்கா வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி. தீப்பெட்டிப் பக்கம் கனம் கூட. அனலும் அடிக்கும்."

"அளவு குடுத்தா போதும்மா. இதைவிடப் பெருசெல்லாம் பண்ணிகினு இருக்கோம்."

அவர் அளவு எழுதிய தாளைக் கொடுத்தார். கொடுக்கும்போது இன்னொரு விஷயத்தையும் சொன்னார். அவர் கம்பெனியில் ஃபேமிலி டே வருகிறது. தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு மைதானத்தில் சாப்பாடு. சோறும் குழம்பும் கேன்டீன்காரர்கள் பொறுப்பு. முந்நூறு பேருக்குப் புகையில் வெந்த கோழி மட்டும் ஞானசெல்வியின் பொறுப்பு. இது நன்றாக நடந்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்வது என்று முடிவெடுத்திருந்தார். அடுப்பை மைதானத்துக்குக் கொண்டுபோக ஸ்டாண்டு வேண்டும்.

2. பன்னிரண்டு ரொட்டித் துண்டுகள்

ஐந்து நாளில் ஸ்டாண்டை முடித்தேன். இரும்புச் சேனலில் ஃபிரேம், டேங்க் உட்கார இரண்டு வளைந்த தாங்கி, டேங்கின் இரண்டு முனைகளுக்கும் அடியில் இரண்டிரண்டு சக்கரம். தீப்பெட்டி ஃபிரேமுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகாக இருந்தது. நான்கு மூலையையும் குறுக்கே அளந்தேன், ஒரு மில்லி கூட வித்தியாசம் இல்லை.

டெலிவரிக்கு நானும் போனேன். ஞானசெல்வியின் வாடகை வீடு வயலை ஒட்டி இருந்தது. பின்பக்கம் செங்கல் பாவிய முற்றம். அங்கே அந்த அடுப்பு செங்கல் அடுக்கின் மேல் படுத்திருந்தது.

படத்தில் பார்த்தது வேறு, நேரில் பார்த்தது வேறு. ஆறரை அடி நீளம். கதவைத் தூக்க மறுபக்கம் எதிர் எடை தொங்கியது. சுண்டு விரலால் தூக்கினால் அத்தனை பெரிய கதவு மேலே போய் நின்றுகொண்டது. வெல்டிங் பார்க்க நேராக இல்லைதான். ஆனால் எங்கேயும் ஒரு ஊசித் துளை கூட இல்லை. முப்பது வருடம் வெல்டிங் பார்த்த கண்ணால் தேடித்தேடிப் பார்த்தேன்.

மூன்று குழாய்களைக் கூட்டி முக்காலி நட்டு, செயின் புல்லியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கினோம். அருள்ராஜ் வேலிக்கருவைக் கட்டையையும் கொய்யாக் கட்டையையும் அடுக்கித் தீ மூட்டினார். முதலில் புகை வெள்ளையாக, கனமாக வந்தது. அரை மணி நேரத்தில் மெலிந்து, நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஆகிவிட்டது.

"இந்தப் பொகைதான் வேணும்" என்றார் ஞானசெல்வி. "வெள்ளப் பொகைல வச்சா கறி கசக்கும்."

பிறகு கறி எதையும் வைக்கவில்லை. பேக்கரி ரொட்டியில் பன்னிரண்டு துண்டுகளை எடுத்து, தீப்பெட்டி முனையிலிருந்து புகைக்குழாய் முனை வரை ஒரே வரிசையாகக் கம்பி வலையின் மேல் வைத்தார். கதவை மூடினார்.

"இன்னாம்மா இது?"

"எங்கன சூடு கூட, எங்கன கொறவுன்னு ரொட்டி சொல்லும் அண்ணாச்சி. ஓவனுக்குள்ள பன்னெண்டு எடத்துல சென்சார் வச்சிருப்பாவ. நமக்கு இதுதான் சென்சார்."

தீ இருக்கிற பக்கம் கருகும், அந்தப் பக்கம் வெளுத்துக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். எந்த மனிதனும் அப்படித்தான் நினைப்பான். அரை மணி கழித்துக் கதவைத் தூக்கினார். பன்னிரண்டு துண்டும் ஒரே நிறம். முதல் துண்டை எடுத்துக் கடைசித் துண்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எது எந்த முனையில் இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குனிந்து வலைக்குக் கீழே பார்த்தேன். நீளத்துக்கும் ஒரு தகடு. அதில் வரிசையாகத் துளைகள். தீப்பக்கம் விரல் நுழையாத சிறு துளை, போகப்போகப் பெரிதாகி, புகைக்குழாய்ப் பக்கம் கையே நுழையும். சூட்டை இடம் பார்த்து அளந்து கொடுப்பது மாதிரி இருந்தது.

"எத்தனை தபா மாத்தினீங்க?"

"ஒம்பது தகடு போச்சி அண்ணாச்சி. இது பத்தாவது."

3. கட்டை

அந்தத் தகடுகளின் கதையைக் கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் போனபோது காற்று திரும்பியது. புகை நேராகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணிகளுக்குப் போனது. "தள்ளிப் பாப்பம், அதுக்குத்தானே சக்கரம்" என்றார் அருள்ராஜ். தீ மூட்டி அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் தள்ளினார். ஞானசெல்வி பக்கவாட்டில் ஒரு பெரிய மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். எதற்கு என்று கேட்டேன். தன் பெயின்ட் ஷாப்பில் கனமான எதை நகர்த்தினாலும் ஒருத்தர் கட்டையோடு போக வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது. நான் செய்த வண்டிக்குக் கட்டையா?

நாலடி போனதும் வண்டி இழுத்தது. தீப்பெட்டிப் பக்கத்து இடது சக்கரம் செங்கல் விளிம்பில் இறங்கியிருந்தது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைப் பார்க்கக் கையை உள்ளே விட்டேன். சக்கரத்தின் மேல் பூச்சு கொழகொழவென்று விரலில் ஒட்டியது. ஏன் இப்படி இருக்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் அது இரும்பிலிருந்து உரிந்து வந்துவிட்டது. கூடவே சக்கரத்தைப் பிடித்திருந்த கவட்டை மடங்கியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எழுநூறு கிலோவும் என் பக்கம் மெதுவாகக் குனிந்தது. என் தலைக்கு மேல் வானம் மறைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

'டப்'பென்று ஒரு சத்தம். ஃபிரேம் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஃபிரேமுக்கும் செங்கலுக்கும் நடுவே ஆறு அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில் என் கை இருந்தது. ஞானசெல்வி கட்டையைக் காலால் உதைத்து உள்ளே தள்ளியிருந்தார்.

"அண்ணாச்சி, கைய எடுங்க" என்றார் நிதானமாக.

எடுக்க வரவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அருள்ராஜ் வந்து என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

4. எங்கே தப்பு

ஷெட்டுக்கு வந்து குமரவேலிடம் சொன்னேன். அவர் முதலில் என் கையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். பிறகு ஓனராகப் பேசினார்.

"வரதா, செங்கல் தரையில தள்ளிகினு போனா எந்தச் சக்கரமும்தான் உடையும். தரை சரியில்லன்னு சொல்லிடு. நம்ம பிராடக்ட் மேல தப்பு கீதுன்னு வாயத் தொறக்காத. நாலு கம்பெனிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

அன்று சாயங்காலமே பஸ் பிடித்துத் திரும்ப அந்த வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் நின்று ஒரே வாக்கியம்தான் வந்தது.

"தப்பு என் மேலதாம்மா. நீங்க சொன்னீங்க, நான் வந்து பாக்கல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஞானசெல்வி உள்ளே போய்ச் சாக்கட்டியோடு வந்தார்.

"யார் மேல தப்புன்னு பொறவு பாப்பம் அண்ணாச்சி. எங்கன தப்புன்னு மொதல்ல பாப்பம். ஃபேமிலி டேக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

அடுப்பு ஆறியிருந்தது, உடைந்த ஸ்டாண்டிலிருந்து அதைத் தரையில் இறக்கியிருந்தார்கள். அதே முக்காலி, அதே செயின் புல்லி. ஒரே ஒரு பெல்ட்டை டேங்கின் நடுவில் மாட்டிக் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார். தீப்பெட்டி முனை தரையிலேயே கிடக்க, புகைக்குழாய் முனை மட்டும் மேலே போனது. இறக்கி, பெல்ட்டைத் தீப்பெட்டிப் பக்கம் ஒரு சாண் தள்ளினார். மறுபடி தூக்கினோம். இன்னும் சாய்வு. மறுபடி ஒரு சாண். மூன்றாவது தடவை அந்தப் பெரிய உருவம் தரையை விட்டு நேர்மட்டமாக எழும்பி, காற்றில் அசையாமல் நின்றது. ஞானசெல்வி பெல்ட் இருந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார்.

"இதான் இதுக்கு நடு. நீங்க அங்கன நடுன்னு நெனச்சிட்டிய."

நான் நினைத்த நடுவுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒன்றரை அடி வித்தியாசம். பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தீப்பெட்டிப் பக்கத்து இரண்டு சக்கரங்கள் மட்டும் ஐந்நூறு கிலோ சுமந்திருக்கின்றன. தரை மேடு பள்ளமாக இருந்தால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடாது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கும், அதன் பாரமும் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகும். நாலு சக்கர வண்டிக்கு எடையை மூன்றால் வகுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கண்ணாடி மாதிரித் தரை உள்ள கம்பெனிகளுக்கே செய்து செய்து அந்தப் பாடத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். அதற்கு மேல் சூடு. பி.யு. பூச்சு சூட்டில் இளகும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

தெரிந்த மூன்று விஷயங்களும் சேர்ந்துதான் என் கையின் மேல் விழப் பார்த்தன.

5. இரண்டாவது ஸ்டாண்டு

மறுநாள் குமரவேலிடம், "வேற ஸ்டாண்டு பண்ணித் தரப்போறேன், பேர் கெட்டா என் பேரோட போவட்டும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞானசெல்வி தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட்டுக்கு வந்தார். இந்த முறை ஃபிரேமைத் தீப்பெட்டிக்கு அடியிலும் நீட்டினோம். அந்தப் பக்கம் இரண்டு பெரிய வார்ப்பிரும்புச் சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ தாங்கும். உள்ளே பேரிங்குக்குப் பதிலாகச் சூடு தாங்கும் வெண்கல வளையம், அதாவது புஷ். சக்கரங்களுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு.

மேடு பள்ளத்துக்கு என்ன செய்வது என்பதுதான் தீராமல் இருந்தது. ஒரு நாள் டீ குடிக்க வெளியே வந்தபோது, வயலிலிருந்து ஒரு டிராக்டர் வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஏறியது. முன்சக்கரம் ஒன்று மேலே ஏறியபோது மற்றது கீழேயே இருந்தது. டிராக்டர் சாயவே இல்லை. முன்பக்க ஆக்ஸிலை நடுவில் ஒற்றை முளையில் மாட்டியிருக்கிறார்கள், தராசுத் தண்டு மாதிரி. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். வண்டிக்கு முன்பக்கமான புகைக்குழாய் முனையின் ஆக்ஸிலை அதே மாதிரி நடுவில் முளை வைத்து மாட்டினேன். அதிகமாக ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் ஒரு தடுப்பு. இனி எந்தத் தரையிலும் நாலு சக்கரமும் தரையைத் தொடும்.

டேங்கைத் தாங்கிகளோடு சேர்த்து போல்ட் போடப் போனபோது ஞானசெல்வி தடுத்தார்.

"ரெண்டு பக்கமும் முறுக்கிராதிய அண்ணாச்சி. சூடானா இது நீளும்லா. எங்க ஓவன்ல ஒரு பக்கத்தக் கட்டிட்டு ஒரு பக்கத்த விட்டுருவோம்."

தீப்பெட்டிப் பக்கம் மட்டும் இறுக்கினோம். மறுபக்கத் தாங்கியில் துளையை நீளவாக்கில் வெட்டி, போல்ட்டைத் தளர்வாக விட்டோம்.

அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர், ஸ்டாண்டு எடை தாங்கும் என்று சோதித்த கையெழுத்துக் காகிதம் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஷெட்டு வாசலில் சோதனை வைத்தோம். ஐம்பது கிலோ மணல் மூட்டைகளை ஃபிரேமின் மேல் அடுக்கினோம். அடுப்பின் எடைக்கு ஒன்றரை மடங்கு வேண்டும். பதினைந்தாவது மூட்டை எடுக்கும்போது எனக்கு இடுப்பு விட்டுப்போனது. பதினாறாவதைத் தூக்க எதிர்ப்பக்கம் ஒரு கை வந்தது. குமரவேல்.

"இன்னா பாக்குற? தூக்கு" என்றார்.

இருபத்தொரு மூட்டை. வழியில் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதன் மேல் ஏற்றி இறக்கினோம். முன் ஆக்ஸில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, மேலே இருந்த மூட்டைகள் அசையாமல் போயின. காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே ஓனரும் போட்டார்.

6. மைதானம்

ஃபேமிலி டே அன்று விடிந்ததும் ஹைட்ரா கிரேன் அடுப்பை ஸ்டாண்டோடு லாரியிலிருந்து இறக்கியது. சேஃப்டி ஆபீசர் கண்டிப்பான மனிதர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "இதை எத்தனை பேர் தள்ளணும்?" என்று கேட்டார்.

ஞானசெல்வி பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துத் தள்ளினார். எழுநூறு கிலோ அடுப்பும் அதன் ஸ்டாண்டும், மழைநீர்க் கால்வாயின் சிலாப்பு மேடு மேல் ஏறி இறங்கி, கூடாரத்துக்கு எதிரே போய் நின்றது. ஆபீசர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எட்டரை மணிக்குக் கோழித் தொடைகள் இரண்டு அடுக்காக உள்ளே போயின. நான் ஒரு நாற்காலியைப் போட்டுத் தளர்வாக விட்ட போல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு அந்த போல்ட், துளையில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. இரண்டு மில்லி இருக்கும். அத்தனை கனமான இரும்பு, என் கண்ணெதிரே, யாருக்கும் தெரியாமல் நீண்டுகொண்டிருந்தது. அன்று அதை முறுக்கியிருந்தால் எங்கேயோ வெடித்திருக்கும்.

பதினொரு மணிக்கு மேல் குடும்பங்கள் வந்துவிட்டன. கூடாரம் முழுக்கக் குழந்தைகள். காற்று திரும்பியது. புகை கூடாரத்துக்குள் போக ஆரம்பித்தது. யாரோ ஒரு குழந்தை இருமியது. ஆபீசர் ஓடி வந்தார்.

"நிறுத்துங்கம்மா. தண்ணி ஊத்தி அணைங்க. கம்ப்ளைன்ட் வந்தா என் வேலை போயிடும்."

அணைத்தால் கறி பாதி வேக்காட்டில் நிற்கும். முந்நூறு பேருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. ஞானசெல்வி என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம். தாங்குமா?

அன்று விழுந்ததும் இப்படி எரிகிறபோதுதான். குனிந்து தீப்பெட்டிக்கு அடியில் இருந்த சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதே வலது கையால். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

"தள்ளும்மா" என்றேன்.

அருள்ராஜ் கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். மறுபக்கம் நான் ஒரு கட்டையோடு நின்றேன். ஞானசெல்வி பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினார். உள்ளே தீ எரிகிறது, எழுபது கிலோ கறி வேகிறது, மேலே நீலப் புகை போகிறது. அத்தனையும் சேர்ந்து புல்தரையில் வளைந்து, மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, கூடாரத்தைச் சுற்றி மறுபக்கம் போனது. முன் ஆக்ஸில் தராசு மாதிரி ஏறி இறங்கியது. மேலே அடுப்பு நேர்மட்டமாகவே இருந்தது. எரிகிற அடுப்பு ஒன்று தேர் மாதிரி நகர்வதைக் கூடாரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நிறுத்தி பிரேக்கைப் போட்ட பிறகுதான் நான் கட்டையைக் கீழே வைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் கதவைத் தூக்கினார். உள்ளே வரிசை வரிசையாக எல்லாத் துண்டும் ஒரே செந்நிறம். ருசியைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. முந்நூறு பேர் கூடிய இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சேஃப்டி ஆபீசர் நின்றபடியே சாப்பிட்டார். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, வரிசையில் போய் இன்னொரு தட்டு எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணுஞ் சாப்பிடலியே" என்றார் ஞானசெல்வி. அப்போதுதான் நான் கறி சாப்பிடாதவன் என்பதைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தன நாளும் இதோடயே கெடந்தியளே, ஒரு வார்த்த சொல்லலியே!"

"வேலையில அது இன்னாம்மா இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தயிர்சாதம் வாங்கி வரக் கேன்டீன் பக்கம் போனார்.

அடுத்த மாதம் ஞானசெல்வி வேலையை விட்டார். இப்போது வாரத்தில் நாலு நாள் அந்த அடுப்பு ஏதாவது ஒரு ஊரில் நிற்கிறது.

7. கற்றது

லோடு என்பது ஒரு எண் என்று நினைத்துக்கொண்டே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்போது சூடாகிறது, எவ்வளவு நீள்கிறது, எந்தத் தரையில் போகிறது என்பதெல்லாம் அதோடு தினமும் புழங்குகிறவருக்குத்தான் தெரியும். ஞானசெல்வி முதல் நாளே இரண்டு வாக்கியத்தில் பாதியைச் சொன்னார், மீதியைப் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டார். கேட்காமல் விட்டது நான். டிராயிங் இல்லாமல் வருகிறவரின் பேச்சுதான் டிராயிங். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஃபேமிலி டே முடிந்த திங்கட்கிழமை, ஒரு கம்பெனியிலிருந்து இன்ஜின் சுமக்கும் ட்ராலிக்கு டிராயிங் வந்தது. நான் அங்கே இருந்த இன்ஜினீயருக்குப் போன் செய்து, வேலையை ஆரம்பிக்கும் முன் லைனில் ஒரு ஷிஃப்ட் நின்று பார்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்? லோடு எவ்ளோன்னு டிராயிங்லயே போட்டிருக்கே."

"எவ்ளோன்னு போட்டிருக்கீங்க சார். எப்படின்னு போடல."

அவர் காலை ஷிஃப்டுக்கு வரச் சொன்னார். மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் ஷூ மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றேன்.